வக்கீலிடம் வாய் திறந்து பேசுவோம்



குழு ஆரம்பித்த புதிதில் வங்கி மேலாளர் முன்னால் நிற்கவே நமக்குக் கால் நடுங்கியது. இன்று அப்படி இல்லை. கடன் விண்ணப்பம், தீர்மான நகல், வட்டிக் கணக்கு எல்லாவற்றையும் நாமே பேசிக் கொள்கிறோம். வட்டாட்சியர் அலுவலகம், வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று தைரியமாகப் போய் வருகிறோம். ஆனால் வக்கீல் ஆபீஸ் படியேறும்போது மட்டும் நம்மில் பலருக்கு இன்னும் வாய் கட்டிப் போய்விடுகிறது.

அங்கே என்ன நடக்கிறது? கூட வந்த அண்ணன் பேசுகிறார். இல்லையென்றால் ஊர்ப் பெரியவர் பேசுகிறார். வழக்கு யாருடையதோ அந்தப் பெண் ஓரமாக நிற்கிறாள். கடைசியில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து விடுகிறாள். பல மாதம் கழித்துத்தான் தெரிய வருகிறது, அவள் மனதில் நினைத்தது ஒன்று, கோர்ட்டில் தாக்கலானது வேறொன்று என்று. புருஷன் வீட்டிலேயே பயமில்லாமல் இருக்க வழி கேட்டு வந்தவளுக்கு விவாகரத்து மனு போடப்பட்டிருக்கும். நிலத்தில் பங்கு கேட்டு வந்தவளுக்கு ரொக்கத்தைப் பேசி முடித்திருப்பார்கள்.

இந்தத் தவறு நம்முடைய பயத்தால் மட்டும் வருவதில்லை. கட்சிக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது வக்கீல் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. அவர் அதைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேட்பதும் ஒரு தொழில் திறமை

வக்கீல் என்றால் கோர்ட்டில் உரக்கப் பேசுபவர் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் அவருடைய வேலை அதற்கு வெகு முன்பே, கட்சிக்காரர் எதிரில் வந்து உட்காரும்போதே ஆரம்பமாகி விடுகிறது. அங்கே கேட்காமல் விட்டது மனுவில் வராது. மனுவில் இல்லாததைக் கோர்ட்டில் சொன்னால், "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்குவார்.

இதனால்தான் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இது ஒரு பாடமாகவே இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மாணவர்கள் வக்கீல் அலுவலகத்திலோ இலவச சட்ட உதவி அலுவலகத்திலோ உட்கார்ந்து, கட்சிக்காரரிடம் விவரம் கேட்பதை 2 முறை நேரில் கவனிக்க வேண்டும். அதை நாட்குறிப்பில் எழுத வேண்டும். அதற்கு 15 மதிப்பெண். ஆக, நிதானமாகக் கேளுங்கள் என்று நாம் சொல்வது சலுகை கேட்பது ஆகாது. அவர் படித்து வந்த பாடத்தைத்தான் நினைவுபடுத்துகிறோம்.

இரண்டு விதமான பேச்சு

ஒரு உதாரணம் பார்ப்போம். கற்பனைதான். ஆனால் நம் பகுதியில் எந்தக் குழுவில் கேட்டாலும் இதைப் போல ஒன்று சொல்வார்கள். அப்பா இறந்து விட்டார். இரண்டு அண்ணன்கள். நிலத்தை அவர்கள் பேருக்கு மாற்ற வேண்டும். தங்கச்சிக்கு ஒரு புடவையும் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவள் ஒரு வக்கீலிடம் வருகிறாள்.

முதல் வக்கீல் இப்படிப் பேசுகிறார்.

"என்ன கேஸு?"

"நிலம் சார்... எங்க அண்ணனுங்க..."

"பாகப் பிரிவினையா? எத்தனை ஏக்கர்? பட்டா யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்ல சார். அதுல வந்து..."

"சரி, கேஸு போட்டுடலாம். பட்டா, சிட்டா எடுத்துட்டு வாங்க. குமாஸ்தாகிட்ட வக்காலத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

எல்லாம் சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் ஆரம்பித்த இரண்டு வாக்கியமும் பாதியில் நின்று போனது.

இரண்டாவது வக்கீல் வேறு மாதிரிப் பேசுகிறார்.

"உக்காருங்கம்மா. எந்த ஊர்ல இருந்து வர்றீங்க? பஸ்ஸு எத்தனை மணிக்கு? அதுக்குள்ள பேசி முடிச்சிடலாம். என்ன நடந்துச்சுன்னு உங்க வாயாலயே முதல்ல இருந்து சொல்லுங்க. நான் நடுவுல குறுக்கிட மாட்டேன்."

"எங்க அண்ணனுங்க கையெழுத்து கேக்குறாங்க மேடம். போடலன்னா உறவே வேணாம்னு சொல்றாங்க. வர்ற தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாம எப்படி சபை நடத்துறது? ஆனா எங்க வூட்டுக்காரரு, கேஸு போடு, பங்கை வாங்குன்னு நிக்கிறாரு."

"நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?"

"கையெழுத்தும் போடக் கூடாது, உறவும் போகக் கூடாது. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் நிலத்தை அவங்க வித்துடாம இருந்தா போதும் மேடம்."

பாருங்கள், இவளுக்கு வேண்டியது உடனடி வழக்கு அல்ல, கொஞ்ச காலத்துக்கு ஒரு பாதுகாப்பு. அதற்கு என்னென்ன செய்யலாம் என்று இனி இரண்டாவது வக்கீலால் யோசிக்க முடியும். முதல் வக்கீலால் முடியாது. அவருக்குத் தெரிந்தது நிலத்தின் அளவு மட்டும்தான். இவளுடைய பிரச்சினை அவர் காதுக்குப் போகவே இல்லை.

நல்ல வக்கீல் என்னென்ன செய்வார்?

1. முதலில் நம்மைப் பேச விடுவார். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று திறந்த கேள்வியாகக் கேட்பார். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைப் பிறகுதான் கேட்பார்.

2. அடுத்து தேதி வாரியாக, ஆள் வாரியாக விவரம் கேட்பார். கல்யாணம் எப்போது, அப்பா இறந்தது எப்போது, நிலம் அவர் சம்பாதித்ததா, தாத்தா சொத்தா, உயில் உண்டா, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சில கேள்விகள் சங்கடமாக இருக்கும். ஏன் கேட்கிறேன் என்று நல்ல வக்கீல் காரணம் சொல்வார். சொல்லாவிட்டால் நாமே கேட்கலாம்.

3. நமக்குப் பாதகமான விஷயத்தையும் கேட்பார். "இதுக்கு முன்னாடி எந்தப் பேப்பர்லயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா? பணம் வாங்கினீங்களா?" என்பார். இதை மறைக்கவே கூடாது. நம் வக்கீலுக்குத் தெரியாத உண்மை எதிர் வக்கீல் கையில் இருந்தால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

4. தான் புரிந்து கொண்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். "நீங்க சொன்னது இதுதானே?" என்பார். தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தி விட வேண்டும்.

5. என்னென்ன வழி இருக்கிறது என்று விரித்துச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம், எவ்வளவு செலவு, என்ன லாபம், என்ன நஷ்டம் என்று சொல்வார். முடிவை நம்மிடம் விடுவார்.

6. கடைசித் தேதியை எழுதிக் கொடுப்பார். வழக்குகளுக்குக் காலக்கெடு உண்டு. உதாரணத்துக்கு, நமக்கு வர வேண்டிய பணத்துக்குக் கொடுத்த செக் திரும்பி விட்டால், வங்கி தகவல் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். பேசிப் பேசியே நாளைக் கடத்தினால் சட்டம் நமக்காகக் காத்திருக்காது.

கேட்க மறந்த ஒரு கேள்வி

வக்கீல் ஒரே ஒரு கேள்வியை விட்டாலும் என்ன ஆகும் என்பதற்கு நம் மலையே சாட்சி. மேலே சொன்ன நிலப் பிரச்சினையில், "நீங்கள் எந்தச் சமூகம்?" என்று வக்கீல் கேட்டே ஆக வேண்டும். காரணம் இருக்கிறது.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுய சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-ல் திருத்தம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அந்தத் திருத்தம் ஒதுக்கி விட்டது. பிறகு 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, பங்கு மகளுக்குப் பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆனால் இந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துச் சகோதரிக்கும் சங்கராபுரத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் சகோதரிக்கும் பிரச்சினை ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் வக்கீல் கையில் எடுக்க வேண்டிய சட்டம் வேறு.

அப்படியானால் மலைப் பெண்ணுக்குப் பங்கே இல்லையா? அப்படி அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. சத்தீஸ்கரைச் சேர்ந்த கோண்டு பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில், 2025 ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்ற வழக்கம் இருப்பதாக யாரும் நிரூபிக்காதபோது, பெண் என்பதற்காகவே பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லி, அந்தப் பெண்ணின் வாரிசுகளுக்குச் சம பங்கு கொடுத்தது. ஆக, "உங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு நிலம் கொடுத்த வழக்கம் உண்டா? எந்தக் குடும்பத்துல? யாரைக் கேட்டா தெரியும்?" என்று வக்கீல் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நம் பாட்டிமார்களிடம்தான் இருக்கிறது.

சொன்ன ரகசியம் எங்கே போகும்?

"வக்கீல்கிட்ட எல்லாத்தையும் சொன்னா வெளிய போயிடுமோ?" என்ற பயம் நியாயமானதுதான். ஊர் சின்னது. குமாஸ்தா நமக்குத் தூரத்து உறவாகவும் இருக்கலாம்.

சட்டம் இதற்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. வழக்குக்காக வக்கீலிடம் நாம் சொன்னதை, நம்முடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. இது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் சட்டத்தில் 132-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வழக்கு முடிந்த பிறகும், வக்கீலை மாற்றிய பிறகும் இந்தக் கடமை தீராது. வக்கீலின் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் இது பொருந்தும். ஒரு குற்றம் செய்வதற்கு உதவி கேட்டுச் சொன்னால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நம் கூடத் துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. துணைக்கு ஆள் வேண்டும்தான், வரட்டும். பொதுவான விஷயம் பேசும்போது கூடவே உட்காரட்டும். அந்தரங்கமான பகுதி வரும்போது, "அக்கா, நீங்க செத்த வெளிய இருங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம். அந்த அக்காவும் கோபித்துக் கொள்ளக் கூடாது. நாளைக்கு அவரையே சாட்சியாகக் கூப்பிடும் நிலை வந்தால் அவருக்கும்தான் சங்கடம்.

நம் குழுவுக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு உறுப்பினரின் குடும்பப் பிரச்சினையைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் விலாவாரியாகப் பேசி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கோர்ட் நினைத்தால் அந்தப் புத்தகத்தை வரவழைக்க முடியும். ஆகவே, "உறுப்பினருக்குச் சட்ட உதவி பெற துணை நிற்பது என முடிவு செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் போதும். மற்றது வக்கீல் காதுக்குப் போக வேண்டியது.

யார் பேச்சைக் கேட்டு வழக்கு நடத்துவது?

இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளில் ஒன்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியது. வக்கீல் தன் கட்சிக்காரர் சொல்லையோ, அவர் அதிகாரம் கொடுத்தவர் சொல்லையோ கேட்டுத்தான் நடக்க வேண்டும். வேறு யார் சொல்லையும் கேட்டு நடக்கக் கூடாது.

பணம் கட்டியது அண்ணனாக இருக்கலாம், கூட்டி வந்தது ஊராட்சித் தலைவராக இருக்கலாம். வக்காலத்தில் கையெழுத்து நம்முடையது என்றால் கட்சிக்காரர் நாம்தான். "சார், எங்க அண்ணன் சொன்னாலும் என்னைக் கேக்காம எதுவும் தாக்கல் பண்ணாதீங்க" என்று மரியாதையாகச் சொல்லி விடலாம். நம் போன் நம்பரை நாமே கொடுக்க வேண்டும். வெற்றுத்தாளிலும் பூர்த்தி செய்யாத பத்திரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்கத் தெரியாவிட்டால், "வாசிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்டு, புரிந்த பிறகு கைநாட்டு வைக்க வேண்டும்.

எதிர்த்தரப்போடு தனக்குத் தொடர்பு ஏதாவது இருந்தால் அதை முதலிலேயே நம்மிடம் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு விதி. சின்ன ஊரில் இது ரொம்ப முக்கியம். "அவங்களுக்கு நீங்க எப்பவாவது கேஸு நடத்தி இருக்கீங்களா சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

கவுன்சலிங் என்றால் சமாதானம் மட்டுமா?

நம் ஊரில் கவுன்சலிங் என்றாலே, "பொறுத்துப் போம்மா, பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்று சொல்லி அனுப்புவது என்று ஆகி விட்டது. வக்கீல் தரும் ஆலோசனை அது இல்லை. இருக்கிற வழிகளை நம் முன்னால் வைத்து, நாம் முடிவெடுக்க உதவுவதுதான் ஆலோசனை. சேர்ந்து வாழ்வதும் அதில் ஒரு வழிதான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பெண்.

அடி உதை உள்ள வீடு என்றால் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டு சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் கணவன் மனைவியைக் கவுன்சலிங்குக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கான விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? அடித்ததற்குக் கணவன் நியாயம் கற்பிக்க அந்தக் கவுன்சலிங்கில் இடம் கிடையாது. "அவ எதிர்த்துப் பேசினா, அதனால கை நீட்டிட்டேன்" என்ற பேச்சே அங்கே எடுபடக் கூடாது. இனிமேல் வன்முறை நடக்காது என்ற உறுதியைப் பெறுவதுதான் நோக்கம்.

இந்தச் சட்டத்தில் மனு போட்டால், முதல் விசாரணையைச் சாதாரணமாக 3 நாளுக்குள் வைக்க வேண்டும் என்றும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் இருக்கிறது. நடைமுறையில் தாமதம் ஆகலாம். ஆனால் சட்டம் சொல்வதை நாம் தெரிந்து வைத்திருந்தால் கேட்க வாய் வரும்.

லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்திலும் கவனம் வேண்டும். அங்கே சமரசம் ஆனால் செலவு குறைவு, கோர்ட்டில் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே வரும் முடிவுக்கு அப்பீல் கிடையாது. மனதுக்கு ஒப்பவில்லை என்றால் சம்மதம் இல்லை என்று சொல்லலாம். வழக்கு திரும்பக் கோர்ட்டுக்கே போகும். "இன்னைக்கு முடிச்சுக்கலாம், கையெழுத்துப் போடு" என்று யாராவது அவசரப்படுத்தினால், எழுதியதை ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பேனாவைத் தொட வேண்டும்.

வாச்சாத்தி சொல்லும் பாடம்

பெண்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்து வாச்சாத்தி பெரிய சாட்சி. நம் கல்வராயன் மலை மக்களைப் போலவே மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர் அது.

1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். மக்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அரசுத் தரப்பில் மறுத்தார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் தென் மண்டல அதிகாரியாக இருந்த பாமதி அந்த ஊருக்கே நேரில் போய் மக்களிடம் விசாரித்து அறிக்கை கொடுத்தார். மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் வக்கீல்களும் அந்தப் பெண்களோடு நின்றார்கள். 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்து போனார்கள். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பீலை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்புக்கு முன் தானே வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி அப்பீல்களைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார்.

31 வருஷம். அந்தப் பெண்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள். அதிகாரி, வக்கீல், நீதிபதி என்று காது கொடுத்துக் கேட்டவர்கள் அவர்களுக்குக் கிடைத்தார்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் அந்த நியாயம் கிடைத்திருக்காது.

வக்கீலைப் பார்க்கப் போகுமுன்

ஒரு முழுத் தாளில் நடந்ததைத் தேதி வாரியாக எழுதிக் கொள்ளுங்கள். தேதி நினைவில்லை என்றால், "பொங்கலுக்கு முன்னாடி", "கரும்பு வெட்டின மாசம்", "சின்னவன் பொறந்த வருஷம்" என்று எழுதுங்கள். அதை வைத்துத் தேதியைக் கண்டுபிடித்து விடலாம். எழுத வராதவர்களுக்குக் குழுவில் ஊக்குநரோ, பள்ளியில் படிக்கும் பிள்ளையோ உதவலாம். ஆனால் அந்தரங்கமானதைப் பிள்ளையை விட்டு எழுத வைக்க வேண்டாம்.

நிலப் பிரச்சினைக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்துப் போங்கள். குடும்பப் பிரச்சினைக்குக் கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சீர் கொடுத்த பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீசில் கொடுத்த மனுவின் ரசீது வேண்டும். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெற்றுக் கொண்டதாக எழுதி வாங்குங்கள்.

வெளியே வருமுன் இந்த ஐந்து கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். என்ன வழக்கு போடப் போகிறோம்? வேறு வழி என்ன இருக்கிறது? மொத்தம் எவ்வளவு செலவு ஆகும்? அடுத்த தேதி என்ன, அன்றைக்கு நான் வர வேண்டுமா? கேஸ் நம்பரை யாரிடம் கேட்பது? மலையிலிருந்து வரும் சகோதரிக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகிறது. வரத் தேவையில்லாத நாளில் வரச் சொல்லாதீர்கள் என்று கேட்பது நம் உரிமை.

பணம் இல்லையே என்றால்

பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பெண் என்றால் வருமான உச்சவரம்பே கிடையாது. பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படித்தான். சங்கராபுரம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், அங்கேயே எழுதிக் கொள்வார்கள். போனில் கேட்க 15100. வன்முறை, ஆபத்து என்றால் மகளிர் உதவி எண் 181.

அங்கே நியமிக்கப்படும் வக்கீல் நம்மிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. இலவசம் என்பதற்காக அவசர அவசரமாகக் கேட்டு அனுப்பவும் கூடாது. மேலே சொன்ன ஆறு வேலைகளும் அவருக்கும் பொருந்தும். குறை இருந்தால் அதே குழுவிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம்.

நாமே அமர்த்திய வக்கீலாக இருந்தாலும் விதி உண்டு. "ஜெயிச்சா பாதி நிலம் எனக்கு" என்று பேரம் பேசிக் கட்டணம் வைக்கக் கூடாது. கொடுக்கும் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். வக்கீலை மாற்ற நினைத்தால், பீஸ் பாக்கி என்று சொல்லி நம் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. 2000-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லி விட்டது. பெரிய தவறு நடந்தால் சென்னையில் உள்ள தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

குழு என்ன செய்யலாம்?

கேட்பது வக்கீலுக்கு மட்டும் உரிய வேலை இல்லை. ஒரு பெண் தன் கஷ்டத்தை வக்கீலிடம் சொல்வதற்கு முன்பு குழுவில் ஒருத்தியிடம்தான் சொல்கிறாள். "இதுல உன் மேலயும் தப்பு இருக்கும்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லி விட்டால், அவள் அதன் பிறகு யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். முதலில் முழுதாகக் கேட்போம். தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதி இல்லை.

சட்டப் பணிகள் ஆணையத்தில் சட்டத் தன்னார்வலர்கள் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பயிற்சி கொடுத்து, மக்களுக்கும் சட்ட உதவி மையத்துக்கும் நடுவில் பாலமாக வைக்கிறார்கள். சுய உதவிக்குழு உறுப்பினர்களும் இதில் சேரலாம் என்று அந்தத் திட்டத்திலேயே சொல்லி இருக்கிறது. நம் கூட்டமைப்பில் ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஒரு சகோதரி, அதிலும் மலைக் கிராமங்களிலிருந்து கட்டாயம் ஒருத்தி, இதற்கு முன்வர வேண்டும். மலைப் பேச்சு வழக்கு தெரிந்தவர் அங்கே உட்கார்ந்திருந்தால், கீழே இறங்கி வரும் அக்காவுக்குப் பாதி பயம் போய்விடும்.

இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பும் வரவு செலவும் முடிந்த பிறகு, கால் மணி நேரம் ஒதுக்கி இதை வாசியுங்கள். இரண்டு பேர் வக்கீலாகவும் கட்சிக்காரராகவும் உட்கார்ந்து பேசிப் பழகுங்கள். மற்றவர்கள் கவனித்து, வக்கீல் எந்த இடத்தில் குறுக்கே பேசினார், கட்சிக்காரர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பு வரும், பரவாயில்லை. வங்கிக்குப் போகப் பழகியதும் இப்படித்தானே! விருப்பம் உள்ளவர்களின் பெயர்களை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குள் பிரதிநிதிகளிடம் கொடுத்து விடுங்கள்.